வெயில் சாப்பாடு

செடிகள் வெயிலில் நின்றபடியே சமைத்துச் சாப்பிட்டுவிடுகின்றன. நான் மொட்டைமாடியில் எவ்வளவு நேரம் நின்றாலும் பசிதான் எடுக்கிறது. ஏன் சார் இந்த ஓரவஞ்சனை?

பச்சையாகவே சொல்லிவிடுகிறேன்: உங்களிடம் பச்சையம் இல்லை! இருந்தாலும் பிரயோசனமில்லை. பயிர்களே தம்மேல் விழும் வெயிலில் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கைத்தான் உணவாகச் சேமிக்கின்றன. உங்கள் முதுகு முழுக்க இலையானாலும், ஒரு நாள் வெயிலில் ஓர் இட்லிகூடத் தேறாது.

ஆனாலும் இதை முயன்று பார்க்கும் பிராணி ஒன்று உண்டு: அமெரிக்காவின் கிழக்குக் கடலோரத்தில் எலிசியா குளோரோட்டிகா என்றொரு ஓடில்லாத நத்தை, பாசியைத் தின்று, அதன் பச்சையம் நிறைந்த பசுங்கணிகங்களை மட்டும் செரிக்காமல் உடம்பில் பதுக்கி, பச்சை இலையாகவே திரிகிறது. மாதக்கணக்கில் இரையின்றித் தாக்குப்பிடிக்கும். அது அந்தத் திருட்டுச் சமையலால்தானா என்று விஞ்ஞானிகளுக்குள் இன்னும் தகராறு. ஆகவே, சாப்பிட்டுவிட்டே மாடிக்குப் போங்கள்.