ஏழு நாள் சன்னியாசி

ஐம்பதைத் தாண்டிய ஆண்களில் இவர் ஒரு தனி ரகம். வருஷத்தில் ஐம்பத்தொரு வாரம் பொங்கலும் வடையுமாக வாழ்ந்துவிட்டு, மிச்சம் ஒரு வாரம் துறவறம் பூணுவார். பெங்களூரில் இருக்கும் மகன் தள்ளுபடியில் ‘ஃபுல் பாடி செக்கப்’ பதிந்துவிட்டான் என்று தெரிந்த அன்றே காபியில் சர்க்கரை நின்றுவிடும். ராத்திரி வெந்தயம் ஊறும், காலையில் பாகற்காய் பிழியப்படும். பூங்காவை அவர் சுற்றுகிற வேகத்தைப் பார்த்து அங்கே படுத்திருக்கும் நாய்கள் எழுந்து நிற்கும்.

“இதையே வருஷம் பூரா செஞ்சா என்னங்க?” என்பார் மனைவி.

“முதல்ல ரிப்போர்ட் நல்லபடியா வரட்டும்டி.”

65 டெஸ்ட் என்பதில் அவருக்கு ஏகப் பெருமை. ரத்த அணுக்களை எண்ணும் ஒரே பரிசோதனையைப் பிரித்துப் பிரித்து இருபதாகக் காட்டுகிற வியாபார வித்தை அது என்று யாரும் அவரிடம் சொல்லிவிட வேண்டாம்; பாவம், காசு கொடுத்திருக்கிறார்கள்.

வெறும் வயிற்றுக்கு எட்டு மணி நேரம் போதும் என்ற சர்க்கரைப் பரிசோதனைக்குப் பதினான்கு மணி நேரம் பட்டினி கிடந்து வருவார். ரத்தம் எடுத்ததும், வயிற்று ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிரம்ப வேண்டுமென்று ஒரு லிட்டர் பாட்டிலைக் கொடுப்பார்கள். அது முட்டிக்கொண்டு நிற்கும் நேரம் பார்த்து நர்ஸ் பி.பி. பார்க்க வருவார். முறைப்படி சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிஷம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இவரோ கால்மேல் கால் போட்டு, முட்டுகிற அவஸ்தையோடு மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருப்பார். 158/96.

“வீட்டுல பாத்தா 120/80 தாம்மா.”

“ஸ்கேன் முடிஞ்சு வாங்க சார், திரும்பப் பாக்கலாம்.”

அடுத்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தம். கையில் டிபன் டோக்கன் இருக்கிறது. கேன்டீனில் பொங்கல் ஆவி பறக்கிறது. இவர் சட்னி தொடாமல் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, ஆஸ்பத்திரி மாடிப்படிகளில் ஏறி இறங்கத் தொடங்குவார். செக்யூரிட்டி இரண்டு தடவை வந்து, “யாரைத் தேடுறீங்க சார்?” என்று கேட்டாயிற்று. இரண்டாவது ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும்போதே நெய் ரோஸ்ட்டுக்கு ஆர்டர் போய்விடும்.

மறுநாள் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் இருப்பதை மட்டும் படிப்பார். பி.எஸ்.ஏ. 4.6, எல்லை 4. வயசானால் பிராஸ்டேட் தானாக வீங்கும், மூத்திரத்தில் கிருமி வந்தாலும் அந்த எண் ஏறும், ஏறியதெல்லாம் புற்றுநோய் இல்லை என்று டாக்டர் விளக்குவதற்குள் மனசுக்குள் உயில் எழுதி முடித்திருப்பார்.

“சுகர் 112தான் டாக்டர்” என்று அவரே பேச்சை மாற்றுவார்.

டாக்டர் அடுத்த பக்கம் திருப்புவார். மூணு மாசச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி. 8.2. 6.5 தொட்டாலே சர்க்கரை நோய்க் கணக்கு. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அதில் ஒட்டியிருக்கும். தீபாவளி லட்டு, மச்சினன் வீட்டுக் கல்யாணப் பாயசம் எல்லாம் அதில் ஆஜர்.

“இனிப்பை எப்ப சார் விட்டீங்க?”

“போன... திங்கட்கிழமை.”

வெளியே வந்ததும் மகனுக்குப் போன்.

“தம்பி, அடுத்த வருஷம் அந்த மூணு மாச டெஸ்ட் இல்லாத பேக்கேஜாப் பாத்துப் போடுப்பா. விலையும் கொஞ்சம் குறையும்.”