இப்போ என்ன படிக்கிறீங்க?

சம்பளத்தைக் கேட்டால் ஆட்கள் குறைத்துச் சொல்வார்கள். வயதைக் கேட்டாலும் அப்படியே. "இப்போ என்ன படிச்சிட்டிருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், கூட்டித்தான் சொல்வார்கள். கை வாரப் பத்திரிகையின் ராசிபலன் பக்கத்தில் இருக்கும். வாய் தஸ்தயேவ்ஸ்கி என்று சொல்லும். தலைமாட்டில் இருக்கிற புத்தகம் வேறு, தலைக்குள் போகிற புத்தகம் வேறு. நாம் கேட்பது இரண்டாவதை. பதில் வருவது முதலாவதைப் பற்றி.

கேள்வி அதோடு நின்றால் பரவாயில்லை. "நீங்க அதைப் படிச்சதில்லையா? அடடா!" என்று அடுத்த கட்டம் தொடங்கும். அந்த 'அடடா'வில் இருக்கும் அனுதாபத்தைத் துக்க வீட்டில்கூடக் கேட்க முடியாது.

தமிழ்நாட்டுச் சிபாரிசில் முதல் தாம்பூலம் பொன்னியின் செல்வனுக்குத்தான். என் பெரியப்பா அதைக் கல்யாண மாப்பிள்ளைக்கும் சிபாரிசு செய்வார், மூட்டுவலிக்காரருக்கும் சிபாரிசு செய்வார். அவரைக் குறை சொல்ல முடியாது, நிஜமாகவே படித்தவர். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தபோது வீட்டில் வாரா வாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு பண்ணிய தொகுப்பு அவரிடம் இருக்கிறது. மணியம் வரைந்த குந்தவையைத் திருப்பினால் பின்பக்கம் கூந்தல் தைல விளம்பரம். பைண்டர் தாராளமாகத் தைத்ததில் உள்ஓரத்து எழுத்துகள் தையலுக்குள் போய்விட்டன. இரண்டு கையாலும் பிளந்து பிடித்தால்தான் வாக்கியம் முடியும். நடுவில் ஓர் அத்தியாயம் கிடையாது. பக்கத்து வீட்டுக்கு இரவல் போன இதழ் திரும்பவில்லை. அந்த இடம் வந்ததும் பெரியப்பா புத்தகத்தை மூடிவிட்டுத் தானே அதைச் சொல்வார். கல்கி எழுதியதைவிடக் கொஞ்சம் நீளமாக.

சிபாரிசு வாங்கியவர்களின் கதை வேறு. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனபின் ஆளுக்கொரு பதிப்பாக ஐந்து பாகமும் பெட்டியில் வருகிறது, பரிசளிக்க வசதி. முதல் அத்தியாயத்தில் ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான் இல்லையா? என் நண்பர்கள் பலர் வருஷக்கணக்காக அவனோடு அதே கரையில் நிற்கிறார்கள். 2022இலும் 2023இலும் படம் இரண்டு பாகமாக வந்து அவர்களுடைய மானத்தைக் காப்பாற்றியது. ஆனாலும் கண்டுபிடிக்க வழி உண்டு. "ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?" என்று கேளுங்கள். படம் மட்டும் பார்த்தவர் ஒரு வரியில் முடித்துவிடுவார். ஐந்து பாகமும் படித்தவர் அரை மணி நேரம் பேசுவார், பதில் சொல்லமாட்டார்.

அடுத்த வகை, இலக்கிய நண்பர். விமர்சகர் க.நா.சு. சிறந்த நாவல்கள் என்று பட்டியல் போட்ட காலத்திலிருந்தே, பட்டியலில் இருப்பவர்களைவிட இல்லாதவர்களைப் பற்றித்தான் நம் ஊரில் பேச்சு அதிகம். என் நண்பர் பட்டியலெல்லாம் போடமாட்டார். நாம் நிற்கும் இடத்துக்கு ஒரு படி மேலே நிற்பார், அவ்வளவுதான். ஒருநாள் தி.ஜானகிராமனின் மோகமுள் படித்தேன் என்றேன். "ம்... அம்மா வந்தாள் படிங்க." அதையும் படித்துவிட்டுப் போனேன். "தி.ஜா.ன்னா சிறுகதைதாங்க, நாவல் என்ன நாவல்!" சிறுகதைகளையும் முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றால், "சிட்டியோட சேர்ந்து எழுதின நடந்தாய் வாழி காவேரியைத் தொட்டீங்களா?" என்கிறார். தலைக்காவேரியிலிருந்து பூம்புகார் வரை நான் நடந்தே வந்தாலும் இவர் கடலுக்குள் நின்றுகொண்டு கையாட்டுவார்.

இந்த இரண்டு வகையும் ஒரே கூரையின் கீழ் கூடுவது ஜனவரியில், சென்னைப் புத்தகக் காட்சியில். 1977இல் தொடங்கியது, பொங்கலை ஒட்டி வரும். பத்து சதவீதக் கழிவு உண்டு. அங்கே சிபாரிசு செய்கிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? அவர் கையில் பை இருக்காது. "இது இல்லாம ஒரு வீடா?" என்று எடுத்து நம் கையில் வைப்பார். நீங்கள் வாங்கலையா என்றால் "வீட்ல இருக்கு". அவர் சிபாரிசு செய்கிறார், நாம் சுமக்கிறோம், கடைசியில் மிளகாய் பஜ்ஜிக்கும் நாமே காசு கொடுக்கிறோம். மறுநாள் காலை எல்லோருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் முதுகு தெரிய அடுக்கிய புத்தகக் கோபுரம். வாங்கிய கோபுரத்தைப் பார்த்திருக்கிறேன். படித்து முடித்த கோபுரத்தை இதுவரை யாரும் படமெடுத்துப் போட்டுப் பார்த்ததில்லை.

சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர் எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகத்துக்கு ஐந்து விதிகள் என்று 1931இல் புத்தகமே போட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாம் விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. நம் சிபாரிசுக்காரர்களுக்கு மூன்றாவது மட்டும் மனப்பாடம். புத்தகம் தயாராக இருக்கிறது, வாசகர் என்று ஓர் ஆள் சிக்கவேண்டியதுதான் பாக்கி. சிக்கியவருக்கு என்ன பிடிக்கும், ராத்திரி எத்தனை மணிக்குக் கண் சொக்கும் என்பதெல்லாம் அவர்கள் இலாகா இல்லை.

இரண்டாம் விதியை நான் கண்ணால் பார்த்தது இரண்டு இடங்களில். ஒன்று, எங்கள் கிளை நூலகத்துப் புத்தகங்களின் கடைசிப் பக்கம். "கதை சுமார்", "முதல் 50 பக்கம் பொறுக்கவும்", "கிழித்தவன் நாசமாய்ப் போக" என்று பென்சிலில் இருக்கும். துப்பறியும் நாவல் ஒன்றில் ஒரு புண்ணியவான் மூன்றாவது பக்கத்திலேயே ஒரு பெயருக்கு வட்டமிட்டு "இவன்தான்" என்று எழுதியிருந்தார். கொடுமைதான். ஆனாலும் அவர் முழுசாகப் படித்திருக்கிறார் என்பதில் சந்தேகமே இல்லை. பக்கத்திலேயே ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டில் ரப்பர் ஸ்டாம்பு இடமில்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருந்தால், அதைவிடப் பெரிய மதிப்புரை எனக்குத் தெரிந்து கிடையாது.

இன்னோர் இடம், என் அத்தை. அவருக்கு நூலின் பெயர் நினைவிருக்காது, எழுதியவர் பெயர் ஒருநாளும் தெரியாது. யாராவது புத்தகம் கேட்டால் முதலில் ஒரு விசாரணை நடக்கும்: "தூக்கம் வரலையா, மனசு சரியில்லையா?" முன்னதற்கு ஓர் அலமாரி, பின்னதற்கு ரமணிசந்திரன். சிபாரிசு இப்படித்தான் வரும்: "பச்சை அட்டை. அதுல ஒரு மாமியார் வருவா பாரு, ராட்சசி! கடைசியில அவளும் நல்லவதான்." முடிவைச் சொல்லிவிட்டாரே என்று கோபப்படவேண்டாம். மாமியார் நல்லவளாகிவிடுவாள் என்ற உத்தரவாதம் இல்லாமல் எங்கள் குடும்பத்தில் யாரும் அந்தக் கதையைத் தொடமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

ஆகவே இனி யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடப் போகிறேன். நான் இப்போது படிப்பது அந்தப் பச்சை அட்டையைத்தான். தலைப்புப் பக்கம் கிழிந்துவிட்டதால் பெயர் தெரியாது. மாமியார் இன்னும் ராட்சசியாகத்தான் இருக்கிறாள். திருந்துவதற்கு நூறு பக்கம் பாக்கி. அதுவரை யாரும் எதையும் சிபாரிசு செய்யவேண்டாம்.