பெயர் எழுதாத மொய்

வல்லத்திராக்கோட்டை, வடகாடு, கீரமங்கலம் சுற்றுவட்டாரத்தில் ஆடி பிறந்தால் மொய் விருந்து. பந்தியில் ஆட்டுக்கறிக் குழம்பு, பக்கத்து மேசையில் மொய் நோட்டு. ஊர், பெயர், தொகை மூன்றும் ஏறாமல் பணம் பைக்குள் போகாது. 500 ரூபாய் வைத்தவருக்கும் ஒரு வரி உண்டு. வாங்கியவர் ஒருநாள் திருப்பிச் செய்தாக வேண்டும், மேலே கொஞ்சம் கூட்டியும் போட வேண்டும். செய்யாதவர் வீட்டு வாசலுக்கு நோட்டே வந்துவிடும். கொடுத்தது கடன்தான். அதற்குக் கொள்கைப் பற்று, தேசப் பற்று என்று யாரும் பட்டுத்துணி போர்த்துவதில்லை.

டெல்லிக்காரர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். 2017 பட்ஜெட்டில் அருண் ஜேட்லி தேர்தல் பத்திரத்தை அறிவித்தார். நோக்கம், அரசியல் நன்கொடையில் வெளிப்படைத்தன்மையாம்! ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சியிடம் கொடுத்தால், கட்சி அதை 15 நாளுக்குள் பணமாக்கிக்கொள்ளலாம் என்பது அன்றைய விதி. கொடுத்தவர் பெயர் வெளியே வரவில்லை. இதுதான் அந்த வெளிப்படைத்தன்மை. கம்பெனிகள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்றிருந்த வேலியையும் கையோடு பிடுங்கிப் போட்டார்கள். நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் அன்று வள்ளலாக முடிந்தது.

யாருக்குமே தெரியாதா? பத்திரத்தைப் புற ஊதா விளக்கில் பிடித்தால் ஓர் எண் தெரிந்தது. வாங்கியவர் யார் என்பது வங்கிக்குத் தெரியும். வங்கியின் முதலாளி அரசாங்கம். தெரியக் கூடாத ஆள், ஓட்டுப் போட வரிசையில் நிற்கிறவர் மட்டும்தான். நன்கொடை எங்கிருந்து வந்தது என்று அறிய மக்களுக்குப் பொது உரிமை எதுவும் இல்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றத்திலேயே ஒன்றிய அரசு வாதாடியது.

கட்சிகள் தேர்தல் ஆணையத்துக்குச் சொன்ன கதைகளைப் படித்தால் சிரிப்பதா, செருப்பைத் தேடுவதா என்று தெரியவில்லை. ஐக்கிய ஜனதா தளம் சொன்னது: 2019 ஏப்ரல் 3 அன்று பாட்னா அலுவலகத்துக்கு யாரோ வந்தார், ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்தார், பிரித்தால் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரம் பத்து. யார் என்று தெரியாது, தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. சமாஜ்வாதி கட்சிக்குப் பத்து கோடி தபாலில் வந்தது, அனுப்பியவர் பெயர் இல்லாமல். முதியோர் உதவித்தொகை கேட்டுப் போகும் கிழவியிடம் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் எல்லாம் கேட்கிற நாடு இது.

2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக இத்திட்டத்தைச் செல்லாது என்றார்கள். விவரம் கொடு என்றதும் ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது, அதாவது மக்களவைத் தேர்தல் முடியும்வரை. கேட்ட விவரம் மொத்தமே 22,217 பத்திரத்துக்கு. மொய் எழுதுகிறவர்கள் ஒரே நாளில் முடிக்கிற கணக்கு! நீதிமன்றம் அதட்டியதும் மறுநாளே பட்டியல் வந்துவிட்டது.

அந்தப் பட்டியலில் பாரதிய ஜனதாவுக்கு 6,000 கோடிக்கு மேல். நம்மூர் யோக்கியதையும் பார்ப்போம். லாட்டரியை 2003-இல் தடை செய்த மாநிலம் நமது. கோவையைச் சேர்ந்த லாட்டரி அதிபர் மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங் கம்பெனி 1,368 கோடிக்குப் பத்திரம் வாங்கியதில், தி.மு.க.வுக்கு வந்தது 509 கோடி. கொடுத்தவர் பெயர்களை அக்கட்சி தானே ஆணையத்திடம் சொன்னது, பெரிய கட்சிகள் பல அதைக்கூடச் செய்யவில்லை. அதற்காகக் கைதட்டலாம், பிறகு, 509 கோடி எதற்கு என்றும் கேட்கலாம். அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது ஆறு கோடிச் சொச்சம், பெரும்பகுதி சென்னை சூப்பர் கிங்ஸ் தந்தது. மார்க்சிஸ்ட் கட்சி பத்திரமும் வாங்கவில்லை, வழக்கும் போட்டது.

திட்டம் செத்தது, பணம் சாகவில்லை. எந்தக் கட்சியும் திருப்பித் தர வேண்டியதில்லை. சிறப்புப் புலனாய்வு கேட்ட மனுவை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தள்ளிவிட்டது. இப்போது பழைய வழி மறுபடி அகலமாகிறது: தேர்தல் அறக்கட்டளை. கம்பெனிகள் அதில் போடும், அறக்கட்டளை கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2023-24-இல் புரூடென்ட் அறக்கட்டளை பாரதிய ஜனதாவுக்கு 723 கோடியும் காங்கிரசுக்கு 156 கோடியும் கொடுத்தது. போட்டவர் பட்டியல் வெளிவரும், வாங்கியவர் பட்டியலும் வெளிவரும். எவர் பணம் எவருக்குப் போனது என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. கேட்டால், எல்லாம் சட்டப்படி என்பார்கள். பத்திரமும் ஆறு வருடம் சட்டப்படிதான் விற்றது.