கூடமே கோணலாக இருந்த கதை

1972 ஜூலை 23 அன்று அமெரிக்கா லேண்ட்சாட் 1 செயற்கைக்கோளை மேலே ஏற்றியது. அப்போது அதன் பெயர் எர்ட்ஸ். யாரோ தும்மிய நேரத்தில் வைத்த பெயராக இருக்க வேண்டும். அதற்குள் இரண்டு கருவிகள். ஒன்று பெரிய இடத்து மாப்பிள்ளை: ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் மூன்று வீடியோ கேமராக்கள். ஒரே சொடுக்கில் பக்கத்துக்கு 185 கிலோமீட்டர் நிலத்தை மொத்தமாகப் பிடித்துவிடும். நிலப்படக்காரர்கள் தாம்பூலம் மாற்றிக்கொண்டது இவரோடுதான். இன்னொன்று, ஹ்யூஸ் நிறுவனத்தில் வர்ஜீனியா நார்வுட் வடிவமைத்த ஸ்கேனர். கல்யாணத்துக்கு ஒட்டிக்கொண்டு வந்த தூரத்து உறவு.

ஸ்கேனருக்குள் ஒரு கண்ணாடி வினாடிக்கு 13 தடவைக்கு மேல் இப்படியும் அப்படியும் ஆடும். ஒரு வீச்சுக்கு ஆறு வரி. ஆடுகிற கண்ணாடியை நம்பியா நிலப்படம் போடுவது என்று பெரியவர்களுக்குச் சிரிப்பு. நார்வுட்டின் குழு மாதிரிக் கருவியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையைப் பிடித்துக் காட்டியது. பாறையும் அசையவில்லை, லாரியும் அசையவில்லை, படம் பிரமாதம்.

விண்ணில் ஏறிய மாப்பிள்ளை இரண்டு வாரம்தான் குடித்தனம் நடத்தினார். ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே மின்சுவிட்சில் கோளாறு. அவரை அணைத்து வைத்தார்கள். பந்தியில் இடம் கிடைக்குமா என்று நின்ற ஸ்கேனர்தான் அதன்பின் ஆண்டுக்கணக்கில் குடும்பத்தைத் தாங்கியது.

தாங்கியது சரி, அனுப்பிய படத்தை நேராக்குவது யார்? முதல் வம்பு, வரிகள். ஒவ்வொரு வண்ணப்பட்டைக்கும் ஆறு உணர்கருவிகள். ஒரே தொழிற்சாலையில் பிறந்தும் ஆறுக்கும் ஆறு சுபாவம். ஒன்று கொஞ்சம் இருட்டாகப் பார்த்தால் போதும், ஆறு வரிக்கொரு கோடு விழுந்து படம் முழுக்கப் பட்டை பட்டையாக இருக்கும். அடுத்து, வரிக்கும் வரிக்கும் இடைவெளி 79 மீட்டர். ஆனால் வரிக்குள் புள்ளிக்குப் புள்ளி சுமார் 57 மீட்டர்தான். அப்படியே அச்சடித்தால் வட்டமான ஏரிகூடப் பக்கவாட்டில் சதை போட்டுவிடும்.

இதெல்லாம் சில்லறை. மொத்த வம்பும் பூமியிடம்தான். ஒரு படத்தின் மேல் வரியிலிருந்து கீழ் வரிக்கு வர சுமார் 28 வினாடி ஆகும். அதற்குள் பூமி தன் பாட்டுக்குக் கிழக்கே சுழன்று, நிலநடுக்கோட்டுப் பக்கம் 13 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். நம் ஸ்கேனரோ நன்றாகத்தான் ஆடியது. கூடம்தான் காலுக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே ஒவ்வொரு வரியையும் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே தள்ளி அடுக்கினார்கள். சதுரப் படம் இணைகரமாகி, இரு ஓரங்களிலும் கறுப்பு முக்கோணம் முளைத்தது.

ஒரு படத்தைத் தட்டிக்கொட்டி நேராக்கிவிடலாம். துருவத்திலிருந்து துருவம் வரை நீளும் பட்டையை? 1569இல் மெர்கேட்டர் போட்ட வரைபடத்திலிருந்து அதுவரை வந்த, உருண்டைப் பூமியைத் தாளில் விரிக்கும் அத்தனை புரொஜெக்‌ஷனும், பூமி போட்டோவுக்கு உட்கார்ந்த தாத்தா மாதிரி அசையாமல் இருக்கும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆல்டன் கோல்வோகொரெஸ்ஸெஸ் (இனி கோல்வோ, அச்சுக்கோப்பவரும் மனிதர்தானே) 1974இல் ஒரு யோசனை சொன்னார். செயற்கைக்கோளின் பாதையை ஒட்டிப் பூமியைச் சுற்றி ஓர் உருளைத்தாள். பூமி சுழலச் சுழல அந்த உருளையும் தன் அச்சில் முன்னும் பின்னும் ஊசலாடும். அருமையான யோசனை. சமன்பாடு மட்டும் இல்லை. அதை யாராவது கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று ஊர் ஊராகக் கேட்டார்.

1976இல் ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் நடந்த மாநாட்டிலும் கோல்வோ கேட்டார். கூட்டத்தில் இருந்த ஜான் ஸ்னைடர் ஒரு மருந்து நிறுவனத்தின் கெமிக்கல் எஞ்சினியர். நிலப்படம் அவருக்கு உத்தியோகம் அல்ல, பைத்தியம். ஐம்பதாவது பிறந்தநாள் பரிசாக அவர் மனைவி கொடுத்ததே இந்த மாநாட்டுப் பயணம்தான். சட்டை எடுத்துக் கொடுத்திருந்தால் விண்வெளி நிலப்படவியல் என்ன கதியாகியிருக்குமோ!

ஸ்னைடர் வீட்டுக்குத் திரும்பி, வேலை முடிந்த மாலை நேரங்களில் கால்குலேட்டரும் கையுமாக உட்கார்ந்தார். ஐந்தே மாதம். கணக்கு முடிந்தது. செயற்கைக்கோளின் ஓட்டம், பூமியின் சுழற்சி எல்லாவற்றையும் உள்ளடக்கி, நேரத்தையும் கணக்கில் சேர்த்த முதல் புரொஜெக்‌ஷன்: ஸ்பேஸ் ஆப்ளிக் மெர்கேட்டர். டெண்டர் கிடையாது, கமிட்டி கிடையாது, இடைக்கால அறிக்கை கிடையாது. வெட்கப்பட்டோ என்னவோ, 1978இல் நிலவியல் ஆய்வு நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1987இல் அவர் எழுதிய புரொஜெக்‌ஷன் கையேட்டைத்தான் இத்துறை மென்பொருள்காரர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

சரி, இன்று லேண்ட்சாட் படத்தை இறக்கினால் அது எந்தப் புரொஜெக்‌ஷனில் வருகிறது? பெரும்பாலும் யூடிஎம். பூமியை 60 மண்டலமாகக் கூறுபோட்டு, அது அசையாது என்றே நம்பும் பழைய கணக்கு. வரிகளை இழுத்து நிமிர்த்தும் வேலையை இப்போது கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் முடித்துவிடுகிறது. ஸ்னைடரின் கணக்கு வேறு வீட்டில் வாழ்கிறது: 1999இல் ஏறிய டெரா செயற்கைக்கோளின் மிஸ்ர் கருவிக்கு அதுதான் புரொஜெக்‌ஷன். அந்தக் கருவிக்கு முக்கிய வேலை, ஓரிடத்தில் நிற்காத மேகத்தையும் தூசியையும் பார்ப்பது.