எழுபது வளைவுக்கு மேலே

கேள்வி: கொல்லிமலை செம்மேட்டில் 2 நாள் தங்கப் போகிறோம். எங்கெங்கே போகலாம்?

பதில்: காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருவதே பாதிச் சுற்றுலா! முதல் நாள் காலையில் அறப்பளீஸ்வரர் கோயில். அங்கிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை. சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் அருவி. இறங்கும்போது படிகளை எண்ணாதீர்கள். ஏறும்போது முழங்காலே எண்ணிச் சொல்லும். மறுநாள் மாசிலா அருவி, எட்டுக்கை அம்மன் கோயில்.

கேள்வி: அப்பாவுக்கு மூட்டுவலி. படி இறங்க முடியாதே?

பதில்: சீக்குப்பாறை காட்சிமுனைக்கு அழைத்துப் போங்கள். சமவெளி முழுவதும் அவர் காலடியில் விரிந்து கிடக்கும். பிறகு வாசலூர்ப்பட்டி படகுச் சவாரி. துடுப்பு உங்கள் கையில், காட்சி அவர் கண்ணில்.

கேள்வி: ஊருக்கு என்ன வாங்கி வருவது?

பதில்: சோளக்காடு சந்தைக்குப் போங்கள். பலா, மலைவாழை, அன்னாசி, மிளகு எல்லாம் கிடைக்கும். சாமையும் தினையும் கேட்டு வாங்குங்கள். மழையை நம்பி மலைவாழ் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் தானியங்கள் அவை. விலையில் மட்டும் பேரம் வேண்டாம். செம்மேட்டில் சிலையாக நிற்கும் வல்வில் ஓரி, கடையெழு வள்ளல்களில் ஒருவன். அள்ளிக் கொடுத்தவன் மலையில் நாம் கிள்ளிக் கொடுக்கலாமா? பையில் மிளகு வாசனையோடு இறங்குங்கள்; கொண்டுபோன பிளாஸ்டிக்கையும் மறக்காமல் கூட்டி வாருங்கள்.