ஏழாம் வகுப்பின் குத்து

செவ்வாப்பேட்டைப் பக்கம் பள்ளி ஆண்டு விழா என்றால் ஏழாம் வகுப்புக்குக் குத்துப்பாட்டு உறுதி. 2021-இல் வந்த ‘மாஸ்டர்’ படத்து ‘வாத்தி கமிங்’ ஒலிக்க, முன்வரிசை வாத்தியார்களே தாளம் போடுவார்கள். ஜிகினாச் சட்டை வாடகைக்கு எடுத்தது. தோளில் முன்பு போட்டவன் குத்திய ஊக்கு அப்படியே இருக்கும். பையன்கள் இடப்பக்கம், பெண் பிள்ளைகள் வலப்பக்கம், நடுவே எல்லைக் காவலாக பி.டி. மாஸ்டர். பெற்றோர் யாரும் மேடையைப் பார்ப்பதில்லை. முன்னால் நிற்பவரின் செல்போனில் தெரிவதைத் தங்கள் செல்போனில் பிடிக்கிறார்கள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. கரகம், ஒயிலாட்டத்துக்கெல்லாம் அங்கே பரிசு உண்டு, விசில்தான் குறைவு. ஆண்டு விழாவிலோ, குத்தாட்டம் முடிந்ததும் சிறப்பு விருந்தினர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, சினிமா மோகத்தால் மாணவர்கள் கெடுவதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார்.