பாட்டு எப்போ வரும், மாப்ளே?

கடையில் வாங்கிய ஆம்பிளிஃபயரை நம்பலாம். செய்தவர் யார் என்று நமக்குத் தெரியாது. வீட்டில் நாமே செய்ததை அப்படி நம்ப முடியாது. செய்தவரை நமக்கு நன்றாகவே தெரியும்.

என்னுடையது ரிச்சி தெருவில் பொறுக்கிச் சேர்த்த சாமான்களால் ஆனது. எல்.எம்.3886 ஐ.சி. இரண்டு, 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, தடித்த கண்டென்சர்கள், ஹீட்சிங்க். ஸ்பீக்கர்கள் மட்டும் மாமனாருடையவை. எண்பதுகளில் வாங்கித் தேக்குப் பெட்டியில் அடைத்து, துணி போட்டு மூடி வைத்திருந்தார். பெண்ணைக் கொடுத்தபோதுகூட அவற்றைக் கொடுக்கவில்லை. இந்த வருஷம்தான் மனம் இரங்கினார். பெட்டிகளோடு அவரும் வந்து சோபாவில் உட்கார்ந்துகொண்டார்.

"பாட்டு எப்போ வரும், மாப்ளே?"

அவ்வளவு சுலபமில்லை. 24 வோல்ட் ஏ.சி. டயோடும் கண்டென்சரும் தாண்டி வரும்போது ஏறத்தாழ 33 வோல்ட் டி.சி. ஆகிவிடும். ஐ.சி. உள்ளுக்குள் ஷார்ட் ஆகிச் செத்தால் அது மொத்தமும் நேராக ஸ்பீக்கருக்குப் போகும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 130 வாட்டுக்கும் மேல். பாட்டு என்றால் கூம்பை ஆட்டும். டி.சி. ஆட்டாது; கூம்பை ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வாய்ஸ் காயிலை நிதானமாக வறுக்கும். அதன்பின் நான் மாமனார் வீட்டுத் தீபாவளிக்குப் போக முடியாது.

"எங்க ஊர்த் திருவிழாவுல மைக்செட்காரன் வருவான், ஒயரை மாட்டுவான், 'ஹலோ, மைக் டெஸ்டிங்'ம்பான். உடனே பிள்ளையார் பாட்டு ஆரம்பிச்சுடும்" என்றார்.

உண்மைதான். ஆனால் அந்த ஆம்பிளிஃபயர்களில் குழாய் ஸ்பீக்கருக்குப் போகிற வழியில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருக்கும். டி.சி.யால் அதைத் தாண்ட முடியாது. பழைய அசெம்பிள் செட்டுகள் பலவற்றில் அந்தக் காவல் வேலையை ஒரு பெரிய கண்டென்சர் பார்த்தது. என்னுடையதில் இரண்டும் கிடையாது. சத்தம் சுத்தமாக வர வேண்டும் என்று காவல்காரனை வேலையை விட்டே நிறுத்தியாயிற்று.

ஆகவே முதல் சோதனைக்கு ஒரு குண்டு பல்பு வேண்டும். கரண்டு வரும் வழியில் அதைச் சீரீஸாக மாட்டிவிட்டால், உள்ளே எங்கே ஷார்ட் இருந்தாலும் பல்பு பளீரென்று எரியும். 60 வாட் பல்பு கால் ஆம்பியருக்குச் சற்று மேல் விடாது. அதனால் ஐ.சி. பிழைக்க வழியுண்டு. பழைய ரேடியோ மெக்கானிக் கடைகளில் சீரீஸ் போர்டு தொங்கியது இதற்காகத்தான். எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு ஆகாது. உள்ளே இழை வேண்டும்.

எங்கள் பேட்டை எலக்ட்ரிக்கல் கடைகளில், கல்வெட்டு படிக்க வந்தவனைப் போல என்னைப் பார்த்தார்கள். ஒருவர் பெரிய மனது பண்ணி ஜீரோ வாட் பல்பை நீட்டினார். கடைசியில் கிடைத்தது பின்தெருவில் நாட்டுக்கோழி வளர்க்கும் அண்ணாச்சியிடம். குஞ்சுகளுக்குக் கதகதப்புக்காகத் தொங்கவிட்டிருந்தார். பகலுக்கு மட்டும் இரவல்.

"ஆறு மணிக்குள்ள வந்துரணும் சார். சின்னப் புள்ளைங்க, ராத்திரி தாங்காது."

மனைவி செருப்பு போட்டுக்கொண்டு மெயின் சுவிட்ச் அருகே நின்றாள். சுவிட்சைத் தட்டினேன். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"வந்துருச்சு!" என்று மாமா கை தட்டினார். அதற்குள் பல்பு மங்கிவிட்டது. "அணைஞ்சு போச்சே, மாப்ளே."

"அணைஞ்சாத்தான் மாமா நல்லது."

கண்டென்சர்கள் நிரம்பும்வரைதான் அந்த வெளிச்சம். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால்தான் வினை. இந்த ஐ.சி.யின் முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. நடுவே வைத்த மைக்கா சற்று நழுவித் தகடு ஹீட்சிங்கைத் தொட்டாலே போதும்.

பிறகு பல்பை எடுத்துவிட்டு நேர்க் கரண்டு கொடுத்தேன். இன்புட்டை ஷார்ட் செய்து, ஸ்பீக்கர் மாட்டும் இடத்தில் மல்ட்டிமீட்டரை வைத்தேன். ஒரு பக்கம் 12 மில்லிவோல்ட், மறுபக்கம் 9. ஐம்பதுக்குள் இருந்தால் நிம்மதி. நூறைத் தாண்டினால் போர்டைத் திரும்பப் பிரிக்க வேண்டியதுதான்.

"கிட்டத்தட்ட ஜீரோ மாமா!" என்றேன் பெருமையாக.

"இத்தனை நாள் உழைச்சு ஜீரோவா?"

இந்தச் சோதனையில் பார்வையாளர்களுக்கு எதுவுமே கிடையாது. பல்பு மங்கினால் வெற்றி. மீட்டர் ஒன்றும் காட்டாவிட்டால் வெற்றி. புகை வராவிட்டால் மாபெரும் வெற்றி. ஒரு தகப்பனாரின் முகத்தில் அவநம்பிக்கை படரப் படர, மருமகன் மகிழ்ச்சியில் துள்ளிக்கொண்டிருப்பான்.

அடுத்து ஸ்பீக்கருக்குப் பதிலாக 8.2 ஓம் ஒயர்வுண்டு ரெசிஸ்டரை மாட்டி, போனிலிருந்து பாட்டைக் கொடுத்தேன். அறையில் நிசப்தம்.

"இப்பவாவது பாட்டு வருமா?"

"ஓடிக்கிட்டுதான் இருக்கு மாமா. இந்த ரெசிஸ்டருக்குள்ள."

அவர் எழுந்து வந்து, விரலால் லேசாகத் தொட்டுப் பார்த்தார். "ஆமா, சூடாத்தான் பாடுது" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

உடைந்த டி.வி.யிலிருந்து கழற்றிய, போனாலும் யாரும் அழாத ஸ்பீக்கர் ஒன்று அதன்பின் பலிக்கு நின்று தப்பித்தது. பிறகுதான் பவரை அணைத்து, கண்டென்சர்களில் தேங்கியதை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்து, தேக்குப் பெட்டிகளை மாட்டினேன். பாட்டு வந்தது. ஹம் இல்லை, கொரகொரப்பு இல்லை. மாமா கண்ணை மூடிக் கேட்டார்.

"பாஸ் கொஞ்சம் கம்மி" என்றார்.

பல்பை ஆறு மணிக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: பரணில் எங்காவது பழைய குண்டு பல்பு கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்களுக்கு ஆம்பிளிஃபயர் கட்டும் ஆசை இல்லாவிட்டாலும், பக்கத்து வீட்டில் ஒருவனுக்கு இருக்கலாம். அவனுக்கு ஒரு மாமனாரும் இருக்கலாம்.